விலை அல்ல, சூடுதான் காரணம்

2005-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்குப் பவர்பிசி வகைச் சிப்களை விட்டு இன்டெல் சிப்களுக்கு மாறியதற்கு விலைதான் காரணம் என்று நான் படித்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐபிஎம் தயாரித்த ஜி5 என்ற பவர்பிசி சிப் அவ்வளவு சூடாகும். 2004-இல் வந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் வேக ஜி5 உள்ள பவர் மேக் மேசைக் கணினியில் திரவக் குளிரூட்டலே வைக்க வேண்டியிருந்தது. அதை மடிக்கணினிக்குள் எப்படி அடக்குவது? ஆப்பிளின் பவர்புக் மடிக்கணினியில் ஜி5 கடைசிவரை வரவே இல்லை. ஓராண்டில் 3 கிகாஹெர்ட்ஸ் வேக ஜி5 வரும் என்று 2003-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்னதும் நடக்கவில்லை. ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைத்தான் அவர் 2005-இல் காரணமாகக் காட்டினார். அப்புறம் 2020-இல் இன்டெலை விட்டுத் தன் சொந்தச் சிப்பான எம்1-க்குப் போனபோதும் ஆப்பிள் முன்வைத்தது அதே கணக்கைத்தான். இன்டெல் மேக்குகளில் பழைய பவர்பிசி மென்பொருள்களை ஓட்டித் தந்த ரொசெட்டாவை 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்போடு நீக்கிவிட்டார்கள். பயனர்களுக்கு உண்மையில் வலித்தது அதுதான். கட்டுரை அதைத் தொட்டிருக்க வேண்டும்.