கையும் காலும் கேட்கும் மொழிபெயர்ப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எனக்கு அண்மையில் திருத்துவதற்காக வந்த விளம்பரத் தாளில், 'உங்கள் கையையும் காலையும் விலையாகக் கேட்க மாட்டோம்' என்று ஒரு வரி இருந்தது. விலை அதிகமில்லை என்பதைத்தான் ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கியிருந்தார்கள். படிப்பவருக்கோ ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரன் ஒருவன் வாசலில் நின்று மிரட்டுவது போலத் தோன்றும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, விளையாட்டாகக் கேலி செய்வதை ஆங்கிலத்தில் காலை இழுப்பதாகச் சொல்வதைச் சிலர் 'காலை வாருவது' என்று எழுதிவிடுவதுதான். நண்பனைச் சீண்டியவர் ஒரே சொல்லில் துரோகியாகிவிடுகிறார்.

இத்தனைக்கும் அன்றாடம் நம் காதில் விழும் மலாய், நம்மோடு எவ்வளவோ ஒத்துப்போகிறது. திருடும் பழக்கமுள்ளவனுக்குக் 'கை நீளம்' என்கிறோம். மலாய்க்காரர்களும் 'பாஞ்சாங் தாங்ஙான்' என்று அதே நீளத்தைத்தான் அளக்கிறார்கள். ஆனால் அங்கும் கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியாது: 'புவா தாங்ஙான்' என்பது கையில் காய்த்த பழமன்று, வெளியூர் போனவர் வாங்கிவரும் அன்பளிப்பு, உள்ளத்தைக் குறிக்கும் 'ஹாத்தி'யோ உடலில் கல்லீரல்.

அந்த விளம்பர வரியைக் 'கையைக் கடிக்காத விலை' என்று மாற்றி அனுப்பினேன். 'கடி' என்ற சொல் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்தும், பழைய வரியே இருக்கட்டும் என்று பதில் வந்தது.