ஆப்பிரிக்காவில் சேவை செய்யணும் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இன்பாக்ஸில் கேட்கிறார்கள். "அண்ணா, ஆப்பிரிக்கா போய் ஏதாவது சேவை செய்யணும், எப்படிப் போறது?" தனித்தனியாகப் பதில் எழுதிப் பார்த்ததில் எல்லாருக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

2022, 2023 இரண்டு வருடமும் ஜாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில், கட்டேட்டே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் தன்னார்வலராகக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். சம்பளம் கிடையாது. தங்க ஒரு வீடு, சாப்பாட்டுச் செலவுக்கு மாதப் படி, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா அந்த ஒரு மூலை. கண்டத்தில் 54 நாடுகள் இருக்கின்றன. ஜாம்பியாவில் மட்டுமே ஆங்கிலம் போக பெம்பா, நியாஞ்சா, தோங்கா, லோசி என்று 7 மொழிகள் வானொலியிலும் பள்ளியிலும் புழங்குகின்றன. ஆகவே நான் சொல்வதைக் கொண்டுபோய் செனகலுக்கும் எத்தியோப்பியாவுக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

தலைநகர் லுசாகாவிலிருந்து கிழக்கே சுமார் 500 கிலோமீட்டர் பஸ். வழியில் லுவாங்வா ஆற்றுப் பாலம், அப்புறம் காடு, மேடு, மறுபடி காடு. பள்ளிக்கூட வளாகத்தில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது ஓர் அடிபம்பு. எங்கள் பல்லடத்துத் தெருமுனையில் நின்றதே, அதே பம்பு. அதே இரும்புப் பெட்டித் தலை, அதே நீளக் கைப்பிடி, அடிக்கும்போது உள்ளே சங்கிலி ஏறி இறங்குகிற அதே சத்தம். அதற்குப் பெயர் இந்தியா மார்க் 2. 1970களில் யுனிசெஃப் துணையோடு நம் நாட்டில் உருவாக்கி, கோயம்புத்தூர் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பொருத்திச் சோதித்த பம்பு. இன்று ஜாம்பியா, உகாண்டா, கானா என்று பல நாட்டுக் கிராமங்கள் அதைத்தான் நம்பித் தண்ணீர் பிடிக்கின்றன. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பம்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

காலை ஐந்து மணிக்கு வாசல் பெருக்கும் சத்தத்தில் விழிப்பு வரும். வீட்டைச் சுற்றியுள்ள மண் தரை முழுவதையும் குச்சி விளக்குமாறால் பெண்கள் பெருக்கி, கோடு கோடாக விட்டிருப்பார்கள். யாரையாவது பார்த்தால், அங்கே பேசும் நியாஞ்சா மொழியில் "ம்வாவுக்கா ப்வாஞ்சி?" என்று கேட்க வேண்டும். எப்படி எழுந்தீர்கள் என்று அர்த்தம். அவர் நன்றாக எழுந்தேன் என்று சொல்லி, நீங்கள் எப்படி என்று திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் வேறு பேச்சு. வீட்டுக்கு முன்னால் போய் நின்றால் கதவைத் தட்டக் கூடாது, "ஓடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். எதையும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வயதில் மூத்த பெண்களை "அமாயி" என்பார்கள். அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது ஒரே நாளில் வந்துவிட்டது. முதல் மாதம் அவசரத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போய்விடுவேன். தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், எங்கள் பிள்ளைகள் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள்" என்றார். நம் ஊரில் மட்டும் என்ன, சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் கடன் கேட்க வந்தவனை யார் மதிப்பார்கள்?

மதியச் சாப்பாடு ன்ஷிமா. கொதிக்கிற தண்ணீரில் மக்காச்சோள மாவைப் போட்டு, மரத் துடுப்பால் கை ஓயக் கிளறி எடுப்பது. நம்ம களிதான். கையால் உருட்டி, கட்டை விரலால் ஒரு குழி செய்து, அதில் கீரையையோ குட்டி மீன் கருவாட்டையோ அள்ளிச் சாப்பிட வேண்டும். பூசணி இலையைப் பொடியாக நறுக்கி, இடித்த வேர்க்கடலை போட்டு வேகவைத்த கூட்டு ஒன்று உண்டு. அதை இன்று வரை எங்கள் வீட்டில் செய்கிறோம். நவம்பரில் முதல் மழை பெய்த ராத்திரி சோலார் விளக்குக்குக் கீழே பிள்ளைகள் தண்ணீர் நிறைந்த பேசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதற்கு என்று கேட்பதற்குள் ஈசல் கூட்டமாக வந்து விழுந்தது. இறக்கையைப் புடைத்துத் தள்ளி, வெறும் சட்டியில் அதன் எண்ணெயிலேயே வறுத்து, உப்புத் தூவி என் கையில் ஒரு பிடி வைத்தார்கள். என் அப்பத்தா ஈசலையும் பொரியரிசியையும் சேர்த்து வறுத்துத் தந்த வாசனை அப்படியே வந்தது. அவர் இறந்து 20 வருடம் ஆகிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2022 ஜனவரியில்தான் ஜாம்பியா அரசு உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. பணம் இல்லாமல் நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பி வந்தார்கள். என் வகுப்பில் 90 பேர், பெஞ்சுக்கு நான்கு பேர், மிச்சம் தரையில். தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் பக்கத்தில் குடிசை எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுப் படித்தார்கள். பிள்ளை பெற்றுக்கொண்ட மாணவியை மறுபடி பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அங்கே 1997லிருந்து விதி இருக்கிறது. என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். இடைவேளையில் அவள் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வாள். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது பம்புக்கு வருகிறேன்.

அந்த வருடம் அக்டோபரில், வெயில் கொளுத்தும் மாதத்தில், பம்பு நின்றது. அடித்தால் கைப்பிடி லேசாகப் போய் வருகிறது, தண்ணீர் ஏறவில்லை. உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது. ஊரில் தண்ணீர்க் குழு ஒன்று இருந்தது. வீட்டுக்கு மாதம் 5 குவாச்சா (அந்த நாட்டுப் பணம்), நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் பொருளாளர் ஓர் அமாயி, பக்கத்துக் கிராமத்தில் பயிற்சி பெற்ற பம்பு மெக்கானிக் ஒருவர். எல்லாம் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் கொஞ்சம் பணம் குறைந்தது. கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் 20 லிட்டர் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மாகாணத் தலைநகரான சிபாட்டா போய் என் பணத்திலேயே வாஷர், சங்கிலி, பேரிங் எல்லாம் வாங்கிவந்து கொடுத்துவிட்டேன். மெக்கானிக் முக்காலி நட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, மாற்றிப் போட்டார். தண்ணீர் வந்தது. பாட்டுப் பாடி ஆடினார்கள். நானும் ஆடினேன்.

அடுத்த மாதத்திலிருந்து 5 குவாச்சா தருவது நின்றுவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, மறுக்கவும் இல்லை. "சார் இருக்கிறாரே" என்றார்கள், அவ்வளவுதான். பொருளாளர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அவர் வார்த்தைக்கு ஊரில் இருந்த மரியாதையை நான் கெடுத்திருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, நான் தேர்வு வேலையாக லுசாகாவில் இருந்தபோது, பம்பு மறுபடி நின்றது. நோட்டில் பணம் இல்லை. மூன்று வாரம் பெண்கள் ஓடைத் தண்ணீர்தான் எடுத்தார்கள். திரும்பி வந்த என்னிடம் தலைமை ஆசிரியை, "இந்த முறை தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்" என்றார். பொருளாளரும் மெக்கானிக்கும் ஊர்த் தலைவரும் உட்கார்ந்து பேசி வசூலை மறுபடி தொடங்க நான்கு கூட்டம் ஆனது. நான்கிலும் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று, அந்த நான்கு கூட்டத்திலும் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

என் கதை ஒரு கிராமத்துக் கதை. இதையே பெரிய அளவில் செய்தவர்களும் உண்டு. பிளேபம்ப் என்று ஒன்று வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் தண்ணீர் மேலே ஏறும் என்றார்கள். 2006ல் அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்கள் மேடை ஏறிக் கோடிக்கணக்கில் நிதி அறிவித்தார்கள், 2010க்குள் 4,000 பம்பு என்று இலக்கு வைத்தார்கள். ஜாம்பியாவிலும் பொருத்தினார்கள். பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டே அதை வைத்தார்கள். குழந்தைகள் எத்தனை நேரம்தான் சுற்றுவார்கள்? அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு பெண்கள், பாட்டிகள் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. கெட்டுப்போனால் ஊர் மெக்கானிக்கால் சரி செய்ய முடியவில்லை. இலக்கை எட்டாமலே திட்டம் படுத்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் முதலிலேயே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

இதனால்தான் இரண்டு வாரப் பயணத்துக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை. பணம் கட்டிப் போய், பள்ளிக்குச் சுவர் கட்டிக் கொடுத்து, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு வருகிற திட்டங்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் கிராமத்திலேயே நல்ல கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை இல்லை, விமான டிக்கெட் காசில் அவர்களுக்கு எத்தனை மாதம் கூலி கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அநாதை விடுதிகளுக்குப் போவதாக இருந்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். உலகம் முழுக்க அப்படிப்பட்ட விடுதிகளில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமை காரணமாக அங்கே விடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். வாரத்துக்கு ஒரு புதிய அக்கா, புதிய அண்ணன் வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளை மனசு என்னவாகும்? நம் வீட்டுப் பிள்ளையிடம் இப்படி யாராவது செய்ய விடுவோமா?

நமக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே இந்தியர்களை "ம்வெனியே" என்பார்கள். சிபாட்டாவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பங்கள் இருக்கின்றன, அதனால் இந்தியன் என்றால் முதலாளி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நான் 90 பிள்ளைகளின் நோட்டையும் திருத்திக்கொண்டு, வரிசையில் நின்று தண்ணீர் பிடிப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பார்வை மாறியது. என் சொந்தக்காரர்கள் போனில் கேட்ட கேள்விகளை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. 2017ல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தார்களே, அந்தச் செய்தியைப் பற்றி என் சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் நிதானமாக ஒரு நாள் கேட்டார். அவமானத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என்று சொன்னேன். சேவை செய்யப் புறப்படும் முன் நம் வீட்டுக் கூடத்தில் தோல் நிறத்தைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

யார் யாருக்கு உதவினார்கள் என்று கேட்டால் நான் ஒரு வாரத்தைச் சொல்வேன். 2023 பிப்ரவரி. எனக்கு மலேரியா. குளிரில் பல் கிட்டியது, எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டு அமாயி "ஓடி! ஓடி!" என்று கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் உள்ளே வந்துவிட்டார். அவர் மகன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து சுகாதார நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்தது. வேளைக்கு 4 மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்றார்கள். அமாயி ஆறு வேளையும் வேர்க்கடலை இடித்துப் போட்ட மக்காச்சோளக் கஞ்சி கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். அறுவடை ஏப்ரல், மே மாதத்தில்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வீடுகளில் தானியம் தீர்ந்துபோகும், பெரியவர்கள் ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த வேர்க்கடலை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்தது என்பதை அவர் மகள்தான் பல மாதம் கழித்துச் சொன்னாள்.

சரி, போகவே கூடாதா? போங்கள். ஆனால் குறைந்தது ஒரு வருடமாவது இருக்கிற மாதிரிப் போங்கள். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1961லிருந்து ஆள் அனுப்புகிறது. அவர்களே முதல் 3 மாதம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவைத்து மொழி கற்றுக்கொடுத்து, அப்புறம்தான் 2 வருட வேலையைத் தொடங்குகிறார்கள். அது அமெரிக்கர்களுக்கு மட்டும். நமக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இருக்கிறது, தொழில் தகுதியும் அனுபவமும் கேட்பார்கள். நர்ஸ், லேப் டெக்னீஷியன், எலக்ட்ரீஷியன், வாத்தியார் என்று அந்த ஊர் கேட்கிற வேலை தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு மேலதிகாரி அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். இந்த மூன்றுக்கும் சம்மதம் இல்லை என்றால், டிக்கெட் காசை அங்கே உள்ளவர்களே நடத்துகிற நல்ல அமைப்பு ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான் ஊர் திரும்பிய சில வாரத்தில் மழை பொய்த்தது. 2024 பிப்ரவரி 29 அன்று ஜாம்பியா அதிபர் வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். தலைமை ஆசிரியை அனுப்பிய வாட்ஸப் படத்தில் அமாயியின் சோளம் இடுப்பு உயரத்தில் காய்ந்து நின்றது. பம்பு எப்படி என்று கேட்டேன். ஓடுகிறது, பக்கத்து ஊர்க்காரர்களும் வருவதால் ராத்திரி வரை வரிசை நிற்கிறது, ஜனவரியிலேயே வாஷர் மாற்றிவிட்டோம் என்று எழுதினார். கூடவே பொருளாளரின் நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் 5, 5, 5.

நியாஞ்சா கற்றுக்கொள்ள விருப்பம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு நேரம் இருக்கிறது. வணக்கம் சொல்வதிலிருந்து தொடங்கலாம், அதற்கே இரண்டு வாரம் ஆகும்.