மின்சார கார் விலைக் குறைப்பு காப்பீட்டு மதிப்பையும் தொடும்

மின்சார கார்களின் மறுவிற்பனை மதிப்பு விழ பேட்டரித் தேய்மானமே காரணம் என்று சொல்வதுண்டு. பாதி உண்மைதான். புதிய காரின் விலைப்பட்டியல் ஒரே நாளில் மாறுவது அதைவிட வேகமாக அடிக்கும். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் ஒய் லாங் ரேஞ்ச் 65,990 டாலரிலிருந்து 52,990 ஆனது. அதற்கு முந்தைய வாரம் வண்டி எடுத்தவர் ஓடோமீட்டர் நகரும் முன்பே 13,000 டாலர் இழந்தார்.

இந்தியாவில் 2024 பிப்ரவரியில் டாடா, நெக்ஸான் இவி விலையை 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தபோது பலர் கவனிக்காதது காப்பீடு. ஐடிவி, அதாவது வண்டி முழுச் சேதமானால் காப்பீட்டில் கிடைக்கும் தொகை, நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, புதுப்பிக்கும் நாளின் பட்டியல் விலையில் கணக்கிடப்படுகிறது. ஓராண்டு தாண்டிய காருக்குத் தேய்மானம் 20 சதவீதம்: 15 லட்சத்துக்கு 12 லட்சம் வரும், விலை 13.8 ஆகிவிட்டால் 11.04 லட்சம்தான். கடன் பாக்கி மட்டும் அப்படியே நிற்கும். வண்டி முழுச் சேதமானால் அந்த இடைவெளி உங்கள் பையிலிருந்து. வாங்கிய பில் விலையையே தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ கூடுதல் கவர் இதற்குத்தான். வாங்கும்போதே போடுங்கள், சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் தரமாட்டார்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பேட்டரி உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளைப் படிக்கவும். ‘வாழ்நாள்’ என்பது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் வாழ்நாள். ஆர்சி பெயர் மாறினால் அது சுருங்கிவிடும். விளம்பரத்தில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.