கோவலனை வெட்டப் போன காவலர்கள்

கோவலன் கதை பேசும்போதெல்லாம் நம்ம ஊரில் பாண்டியனையும் பொற்கொல்லனையும் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். வெட்டப் போன காவலர்களை யாரும் பேசுவதில்லை. ஆளைப் பார்த்ததுமே, இவன் கொலைப்படத் தக்கவன் இல்லை என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் மனசைக் கலைத்தான். அரசன் சும்மா விடமாட்டானே, என்ன செய்யலாம் என்று ஒருவன் கேட்டான். ‘வெட்ட மாட்டோம்’ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்துக்கு நடுவே குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில் நான் பார்ப்பதும் இதே தயக்கத்தைத்தான். சோதனைக்கு வந்தவர் கேள்வி கேட்க வேண்டும்; பக்கத்து அறையில் இருப்பவர் தப்பான பதில் சொன்னால் அவருக்கு மின் அதிர்ச்சி தர வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். உண்மையில் மின்சாரமே பாயவில்லை; உள்ளே இருந்தவர் நடித்தார். சுவிட்ச் போட்டவர்களுக்கு அது தெரியாது. வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சோதனையை நடத்தியபடி பக்கத்தில் கோட் போட்டு இருந்தவர் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்றார். 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள்.

இதை மட்டும் பிடித்துக்கொண்டு, மனுசப் புத்தியே அப்படித்தான் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதே மில்கிராம் இன்னொரு தடவை, கூட உட்கார்ந்திருந்த இருவரை நடுவிலேயே ‘இனி எங்களால் முடியாது’ என்று மறுக்க வைத்தார். அவர்களும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள்தான். அப்போது கடைசிவரை போனது 40-இல் 4 பேர். ஆட்கள் அதே மாதிரி ஆட்கள், உத்தரவும் அதே உத்தரவு. பக்கத்தில் மறுக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப் போன தந்தையும் மகனும் இறந்தார்கள். விடிய விடிய அடித்தார்கள் என்று நீதித்துறை நடுவரிடம் சொன்னவர், அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். பயந்துகொண்டேதான் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புத் தரச் சொன்னது நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அவரை நான் மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் அவரை அப்படித் தனியாகப் பேச வைத்த ஏற்பாட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ராத்திரியே இரண்டு பேர் ‘போதும் சார்’ என்று குறுக்கே நின்றிருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். காவலர் பயிற்சியில் சல்யூட் அடிக்கச் சொல்லித் தருவது போலவே, தப்பான உத்தரவு வந்தால் எழுந்து மறுப்பதையும், மறுத்தவர் பக்கத்தில் போய் நிற்பதையும் ஒத்திகை பார்க்க வைக்க வேண்டும்.