ஓய்வுபெற்ற கண்களுக்கு விக்கிமூலத்தில் வேலை காத்திருக்கிறது

பணி ஓய்வு பெறுகிறவருக்கு ஊரே யோசனை சொல்லும். காலையில் நடை, மாடியில் தோட்டம், பேரப்பிள்ளைகள், முடிந்தால் ஒரு காசிப் பயணம். எல்லாம் நல்லவைதான். ஆனால் முப்பது வருஷம் பொறுப்பில் இருந்தவருக்குச் சில மாதங்களிலேயே இவை போதாமல் போய்விடுகின்றன. ‘இது தப்பு, திருத்துங்க’ என்று சொல்ல ஆள் இல்லை. ‘இது முடிந்தது’ என்று கையெழுத்துப் போட்டு மூடி வைக்க ஒரு கோப்பும் இல்லை. வேலையில் நமக்கு நிறைவு தந்ததில் சம்பளத்துக்கு இணையான பங்கு இந்த இரண்டுக்கும் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் இவை உள்ள ஒரு வேலையைத்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படி ஒரு வேலை தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்ப்பது. விக்கிமூலம் என்பது விக்கிப்பீடியாவைப் போலவே தன்னார்வலர்கள் நடத்தும் இலவச இணைய நூலகம். மெய்ப்பு பார்ப்பது என்றால் மூலத்தோடு ஒப்பிட்டு எழுத்துப் பிழைகளைத் திருத்துவது. தமிழாசிரியர்கள், வருவாய்த்துறையிலும் நீதிமன்றத்திலும் நகல் ஒப்பிட்டவர்கள், வங்கியில் பேரேடு சரிபார்த்தவர்கள், தட்டச்சர்கள், அச்சகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பழகியவர்கள். அந்தக் கண்ணை ஓய்வூதியத்தோடு சேர்த்து வீட்டில் உட்கார வைத்துவிடக் கூடாது.

வேலை என்னவென்று சொல்கிறேன். பாரதியின் எழுத்துகளை 1949இல் நாட்டுடைமை ஆக்கியதில் தொடங்கி, பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக விக்கிமூலத்துக்கு வந்திருக்கின்றன. இவை படங்கள்தான். தேடினால் கிடைக்காது, கைப்பேசித் திரைக்கு ஏற்ப மடங்காது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தில் வாசிக்க எதையும் காணாது. எழுத்துணரி மென்பொருள் படத்திலிருந்து எழுத்தை எடுத்துக் கொடுக்கும், ஆனால் ஏகப்பட்ட பிழைகளோடு. அந்தப் பிழைகளை மனிதக் கண்தான் களைய வேண்டும்.

திரையில் ஒரு பக்கம் நூலின் படம், மறுபக்கம் தட்டச்சுப் பெட்டி. கீழே சிறிய வண்ணப் பொத்தான்கள். சிவப்பு என்றால் இன்னும் யாரும் பார்க்கவில்லை. நீங்கள் முழுதாக ஒப்பிட்டுத் திருத்தியதும் மஞ்சள். வேறொருவர் மறுபடி ஒப்பிட்டு ஒப்புக்கொண்டால் பச்சை. மஞ்சள் போட்டவருக்கு அதே பக்கத்தில் பச்சைப் பொத்தான் வராது. இரண்டாவது ஆள் கட்டாயம். வரி விடுபட்ட, கிழிந்த, பாதி தெரியாத பக்கத்துக்கு நீலம். வெற்றுத்தாளுக்குச் சாம்பல். முன்பு சொன்ன அந்த இரண்டும், அதாவது சரிபார்க்க ஒருவரும் முடிந்ததற்கு அடையாளமும், இந்த வண்ணங்களிலேயே இருக்கின்றன.

இனி பிழைகள். இங்கேதான் அனுபவம் பேசும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைக்கொம்போடு (எழுத்தின் முன்னால் சேரும் வளைந்த கொம்போடு) இருக்கும். ணா, றா, னா ஆகியவை வளைந்த பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி இவற்றை அடையாளம் காணாமல் வடிவில் நெருங்கிய வேறொரு எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. ‘என்றான்’ என்பது ‘என்ருன்’ ஆகும். ‘கிறார்’ என்பது ‘கிருர்’. ‘ஆனால்’ என்பது ‘ஆனுல்’, சில நேரம் ‘ஆளுல்’. ‘கண்ணாடி’ என்பது ‘கண்ணுடி’. ‘தலை’ என்பது ‘தலே’. இவை பார்த்த உடனே தெரியும். பயப்பட வேண்டியது ‘அவனை’ என்பது ‘அவனே’ ஆகும்போதுதான். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். ‘அவனே அழைத்தாள்’ என்று வந்தால் கண் நிற்கும். ‘அவனே கேட்டான்’ என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும். படத்தைப் பார்க்காமல் பொருளை வைத்துத் திருத்துகிறவர் இந்த இடத்தில் கட்டாயம் தவறுவார்.

அதற்காக ‘லே’ எல்லாவற்றையும் ‘லை’ என்று ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். ‘வீட்டிலே’, ‘காலையிலே’ எல்லாம் ‘வீட்டிலை’, ‘காலையிலை’ ஆகிவிடும். ‘ணு’வை ‘ணா’ ஆக்கினால் ‘அணு’வும் ‘கண்ணுக்கு’ம் சிதையும். கண்ட்ரோல்-எஃப் தட்டி ‘ருன்’, ‘ருர்’, ‘னுல்’ இவற்றைத் தேடிப் பாருங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டுக் கையால் மாற்றுங்கள்.

அடுத்தது வரி முறிவு. தமிழ் நூல்களில் வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது பெரும்பாலும் இணைப்புக்கோடு போடுவதில்லை. ‘புத்த’ ஒரு வரியிலும் ‘கம்’ அடுத்த வரியிலும் இருக்கும். தட்டச்சுப் பெட்டியிலும் அப்படியே வந்திருப்பதால் உறுத்தாது. சேமித்த பிறகுதான் ‘புத்த கம்’ என்று நடுவில் இடைவெளியோடு தெரியும். ஆகவே ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதல் சொல்லையும் சேர்த்துப் பார்ப்பதைத் தனி வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்தி பிரிய வேண்டிய இடத்தில் ஒரு வெற்று வரி விட வேண்டும். பக்க எண்ணும் மேலே ஓடும் நூல் தலைப்பும் நடுப்பெட்டியில் இருக்கக் கூடாது, அதற்கு மேலும் கீழும் உள்ள மேலடி, கீழடிப் பெட்டிகளுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பக்கங்களைக் கோத்து நூலாக்கும்போது கதை நடுவே ‘47’ என்று ஓர் எண் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது கையைக் கட்டிக்கொள்வது. நூலில் ‘உபாத்தியாயர்’ என்று இருந்தால் ‘ஆசிரியர்’ ஆக்கக் கூடாது. ஒற்று விடுபட்டிருந்தால் போடக் கூடாது. ‘சந்தோஷம்’ சந்தோஷமாகவே இருக்கட்டும். அச்சில் உள்ளது உள்ளபடி, அவ்வளவுதான் விதி. விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்திப் பழகிய தமிழாசிரியர்களுக்கு இது மிகவும் சிரமம். ஆனால் ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன் எப்படி எழுதினார், அச்சுக்கூடம் எப்படிப் பிரித்தது என்பதை நாளை ஆராய்கிறவருக்கு அந்த ‘பிழை’யே சான்று. அதை அழிக்கும் உரிமை நமக்கு இல்லை.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வரி முறிவுகள். பிறகு படத்தில் நாலைந்து சொல், பெட்டியில் அதே நாலைந்து சொல், இப்படியே கடைசி வரை. பத்தி முழுதாகப் படித்துவிட்டு ஒப்பிடாதீர்கள், மனம் தானே சரியான சொல்லைப் போட்டு நிரப்பிவிடும். அச்சகங்களில் ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பது பழைய வழக்கம். வீட்டில் இருவருக்கும் ஆர்வம் இருந்தால் இதைவிட நல்ல முறை இல்லை. தனியாக இருப்பவர்கள் கைப்பேசியின் தமிழ்க் குரலை வாசிக்கச் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்க்கலாம். ‘ஆனுல்’ காதில் விழுந்தவுடன் உறுத்தும்.

ஒரு பக்கத்துக்கு ஆரம்பத்தில் இருபது நிமிஷம்கூட ஆகும், பழகினால் பத்து. நாளைக்கு ஐந்து பக்கம் போதும், இருநூறு பக்க நூல் நாற்பது நாளில் மஞ்சளாகிவிடும். முதல் வாரமே நாளுக்கு முப்பது பக்கம் ஓட்டுகிறவர்கள் இரண்டாவது வாரம் காணாமல் போவார்கள், அவர்களுடைய கடைசிப் பக்கங்களில் பிழையும் மலிந்திருக்கும்.

கருவி பெரிதாக எதுவும் வேண்டாம். ஆனால் கைப்பேசியில் செய்யாதீர்கள், படமும் எழுத்தும் அருகருகே தெரியாது. பழைய கணினியாக இருந்தாலும் பரவாயில்லை, திரை அகலமாக இருக்கட்டும். தமிழ்த் தட்டச்சுக்கு விக்கியிலேயே தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு, பாமினி ஆகிய விசைப்பலகை முறைகள் உண்டு. கண்ட்ரோல்-எம் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் என்றால் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிப் பழைய தட்டச்சு அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதில் விசைப்பலகையை மாற்றப் போராட வேண்டியதில்லை.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படிக்கும் கண்ணாடி கையில் பிடித்த புத்தகத்தின் தூரத்துக்கானது, திரை அதைவிடத் தள்ளி இருக்கும். இரட்டைப் பார்வைக் கண்ணாடியோடு கணினி பார்ப்பவர்கள் தலையை அண்ணாந்தே உட்கார்ந்து கழுத்து வலியை வாங்கிக்கொள்கிறார்கள். கண் மருத்துவரிடம் உங்கள் திரைத் தூரத்தை அளந்து சொல்லி அதற்கென்று தனிக் கண்ணாடி கேளுங்கள். கண்புரை முற்றியிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கண்ணோடு மெய்ப்பு பார்க்க முடியாது.

சங்க இலக்கிய உரையில் தொடங்காதீர்கள். அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த நூல் இப்போது வேண்டாம். நூறு பக்கத்துக்கு உட்பட்ட, 1980க்குப் பிறகு அச்சான உரைநடை நூல் போதும். சிறுவர் கதைகள் மிக நல்லது. விக்கிமூலத்தில் இல்லாத நூலை நீங்களே ஏற்ற நினைத்தால் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்து இந்தக் கணக்குப்படி 2009 முதல் பொது. ஆனால் அதே நூலின் புதிய பதிப்பில் இன்றுள்ள ஒருவர் எழுதிய முன்னுரை பொது ஆகாது. மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி.

இன்னொன்று. கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தைத் திருத்திவிட்டு, ‘ஐயா, 12ஆம் வரியில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது’ என்று உங்களுக்குச் செய்தி எழுதுவதற்கான பேச்சுப் பக்கத்தில் எழுதும். தலைமையாசிரியராக இருந்தவருக்கு முதல் தடவை சுருக்கென்று இருக்கலாம். திரும்பப் படத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அந்தப் பிள்ளை சொன்னது சரியாகத்தான் இருக்கும். நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். வயதும் பதவியும் பார்க்காமல் நம் வேலையை மட்டும் பார்க்கிற ஓர் இடம் அறுபதுக்கு மேல் கிடைப்பது அரிது. எனக்கு இந்தப் பணியில் மிகவும் பிடித்தது இதுதான்.

விக்கி பிடிக்காவிட்டால் வேறு இடங்களும் உண்டு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக ஏற்றுவதற்கு 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் வளர்ந்தது. ஈழத்து நூல்களில் ஈடுபாடு இருந்தால் நூலகம் நிறுவனத்தின் பணிகளைப் பாருங்கள்.

இன்றைக்கே தொடங்க நினைப்பவர்கள் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து (சொந்தப் பெயர் வேண்டுமென்பதில்லை), ஏற்கெனவே மஞ்சளான ஒரு நூலின் அட்டவணைப் பக்கத்துக்கு (நூலின் பக்க எண்கள் எல்லாம் அவற்றின் வண்ணத்தோடு வரிசையாக இருக்கும் பக்கம்) போய், முதலில் இரண்டு மூன்று பக்கங்களைப் பச்சையாக்கிப் பாருங்கள். இன்னொருவர் எப்படி வடிவமைத்திருக்கிறார் என்பது அதிலேயே புரிந்துவிடும். எதையாவது கெடுத்துவிட்டாலும் பழைய வடிவம் அந்தப் பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியில் பத்திரமாக இருக்கும், ஒரு சொடுக்கில் மீட்கலாம். எந்த நூலை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள், எந்தத் துறையில் படிக்கப் பிடிக்கும் என்பதைக் கீழே எழுதுங்கள். பொருத்தமான ஒன்றைத் தேடிச் சொல்கிறேன்.