சராசரியை வர்க்கப்படுத்தினால் தகைவு வராது

செயற்கைக்கோள் காற்றுத் தரவை வைத்துப் போட்ட அந்த வரைபடத்தைப் பற்றித்தான். மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேற்குப் பசிபிக்கில் மாதம் முழுக்கக் காற்றுத் தகைவு ஏறக்குறையச் சுழியமாம். சந்தேகம் கேட்டவர்களுக்கு அதைப் போட்டவர்களிடமிருந்து வந்த பதில், "செயற்கைக்கோள் தரவே அப்படித்தான் சொல்கிறது."

இல்லை, அது அப்படிச் சொல்லவில்லை. மாதச் சராசரிக் காற்றை எடுத்து, அதை வர்க்கப்படுத்தித் தகைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர் அதைக் காற்றழுத்தம் என்று வேறு எழுதுகிறார்கள். அழுத்தம் வேறு. தகைவு என்பது காற்று கடல் மேற்பரப்பை உரசி இழுக்கும் விசை, சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று சொல்வது. அது காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு வாரம் மேற்கிலிருந்து வினாடிக்கு 12 மீட்டர் காற்று, அடுத்த மூன்று வாரம் கிழக்கிலிருந்து 4 மீட்டர். சராசரி எடுத்தால் சரியாகச் சுழியம். வர்க்கமும் சுழியம். இப்போது ஒவ்வொரு வாரத்தையும் திசையோடு தனித்தனியாக வர்க்கப்படுத்துங்கள்: ஒரு 144, எதிர்த்திசையில் மூன்று 16. கழித்து நான்கால் வகுத்தால் 24. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ, இழுவைக் கெழு (காற்று நீரை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதற்கான எண்) 0.0012 என்று பெருக்கினால் சதுர மீட்டருக்கு 0.033 நியூட்டன், கிழக்கு நோக்கி. அதுவும் குறைத்துச் சொன்னதுதான், 12 மீட்டர் காற்றில் இழுவைக் கெழு இன்னும் கொஞ்சம் ஏறும். அந்த ஒரு வார மேற்குக் காற்றுதான் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கடலுக்குள் கிழக்கே நகரும் கெல்வின் அலையைக் கிளப்பி, இரண்டு மூன்று மாதத்தில் தென் அமெரிக்கக் கரைவரை அனுப்புகிறது. எல் நினோவுக்காகக் கவனிக்க வேண்டிய காற்றையே அழித்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதினால் எப்படி?

"பருவநிலை ஆய்வுக்கு மாதச் சராசரி போதும்" என்பீர்கள். தாராளமாக மாதச் சராசரி எடுங்கள், ஆனால் தகைவுக்கு எடுங்கள். செயற்கைக்கோள் கடந்துபோன ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைத் திசைக்கூறுகளோடு பெருக்கி, அந்த வேகத்துக்குரிய கெழுவைப் போட்டு, அதற்குப் பிறகு சராசரி. நிரலில் இரண்டு வரிகள் இடம் மாறினால் போதும். இதைச் சொன்னதற்குத்தான் "குறை கண்டுபிடிப்பவர்கள்" என்ற பட்டம்.

"மழைப் புள்ளிகளையெல்லாம் நீக்கிவிட்டோம், தரவு சுத்தம்" என்று இன்னொரு பதில். செயற்கைக்கோளில் இருக்கும் ஸ்கேட்டரோமீட்டர் என்ற ரேடார் கருவி காற்றை நேராக அளப்பதில்லை. சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் ரேடார் நுண்ணலையை அளந்து, 10 மீட்டர் உயரக் காற்றாக மாற்றித் தருகிறது. குயிக்ஸ்கேட், ஸ்கேட்சாட்-1 போன்ற கேயு அலைவரிசை (குறைந்த அலைநீளம்) கருவிகளை மழை அதிகம் குழப்பும், ஆஸ்கேட் கருவியின் சி அலைவரிசையை (கூடிய அலைநீளம்) குறைவாகக் குழப்பும். ஆக, மழையை நீக்குவது சரிதான். ஆனால் வெப்பமண்டலத்தில் பலத்த காற்று பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது. நீக்கிய பிறகு மிஞ்சுவது நல்ல வானிலையின் சராசரி. எத்தனை புள்ளிகள் போயின என்று வரைபடத்தின் ஓரத்தில் ஒரு எண்கூட இல்லை.

நீரோட்டத்தைக் கழிப்பதிலும் இதே அவசரம். கருவி தருவது ஓடும் நீருக்குச் சார்பான காற்று. காற்று 6, அதே திசையில் நீரோட்டம் 1 என்றால் கருவியில் தெரிவது 5. அதிலிருந்து மறுபடி 1 கழித்தால் 25 இருக்க வேண்டிய இடத்தில் 16 வரும். மிதவையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம் என்கிறார்கள். பசிபிக்கின் டாவ் மிதவைகளில் காற்றுமானி 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, செயற்கைக்கோள் எண் 10 மீட்டருக்கானது, அதுவும் நடுநிலை வளிமண்டலம் (கடல்–காற்று வெப்ப வேறுபாட்டின் விளைவு இல்லாதது) என்று வைத்துக்கொண்டு தருவது. உயரத்தையும் கடல்–காற்று வெப்ப வேறுபாட்டையும் திருத்தாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதைச் சரிபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுக்கடலில் உப்பிலும் வெயிலிலும் அந்த மிதவைகளைப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்டவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே ஒரு வரிப் பதில்தான் போயிருக்கிறது. அந்த வரைபடம் இன்னும் திருத்தப்படவில்லை.