கிளியைத் தனுஷ்கோடியில் பறக்கவிடலாமா? கூடாது

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் வளர்ப்புக் கிளியைத் தனுஷ்கோடியில் திறந்துவிட்டால் போதும், அது காட்டுக் கிளிகளோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும், இல்லை தெரிந்தவருக்குக் காசு வாங்காமல் கொடுத்தால் சட்டச் சிக்கல் வராது என்று ராமநாதபுரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ரெண்டுமே தப்பு.

தனுஷ்கோடியில் மணலும் உப்புக்காற்றும்தான் அதிகம். சிறகு வெட்டிய கிளி அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்வரை ஒழுங்காகப் பறக்காது. தட்டில் வைத்த கொய்யாவையும் ஊறவைத்த கடலையையும் தின்று வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது, பருந்து நிழலைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. மனுஷரைப் பார்த்தால் கிட்ட வேறு வரும். காக்கைகள் விட்டுவைக்குமா?

அடுத்தது சட்டம். கழுத்தில் வளையம் உள்ள நம்மூர்ப் பச்சைக்கிளி, பனைப் பொந்தில் குஞ்சு பொரிக்குமே அதுதான், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வளர்ப்பதே குற்றம், விற்றாலும் சும்மா கொடுத்தாலும் கைமாற்றியதாகத்தான் கணக்கு. அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. கூண்டைத் துணியால் மூடி வெயில் ஏறுமுன் கொண்டுபோங்கள், என்ன தின்னும், பறக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி வெளிநாட்டு இனம் என்றால் கதை வேறு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து, கைமாற்றத்தையும் அதில் தெரிவித்து, வேறொருவருக்குக் கொடுக்கலாம். பட்ஜெரிகர் என்கிற சின்ன ஆஸ்திரேலியக் கிளிக்கு அந்தப் பதிவு தேவையில்லை, அதற்காக அதையும் கடற்கரையில் விட்டுவிடாதீர்கள்.